குழுவாக எடை குறைக்க ஒரே உணவுப் பட்டியல் வேண்டாம், ஒரே கிழமை போதும்

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு குடியிருப்பில் காலை நடைப்பயிற்சிக்கு வருகிற 18 பேர் சேர்ந்து எடைக் குறைப்புக் குழு ஒன்றைத் தொடங்கியிருக்கிறீர்கள். வயது 30 முதல் 65 வரை. ஆளுக்கு 500 ரூபாய் போட்டு, மூன்று மாதத்தில் அதிகக் கிலோ குறைப்பவருக்குத் தங்க நாணயம் என்று ஏற்பாடு. ஒரு மாதம் ஓடிவிட்டது. மாவுச்சத்தைத் தவிர்க்கும் பேலியோ உணவில் இறங்கியவர் ஆறு கிலோ குறைந்துவிட்டார். சிறுதானியத்துக்கு மாறிய அம்மாவுக்கு அரைக் கிலோகூட இறங்கவில்லை. இன்னொருவர் காலைப் பலகாரத்துக்குப் பதிலாக ஏதோ பவுடர் கரைத்துக் குடிக்கிறார். மற்றவர்களையும் குடிக்கச் சொல்கிறார். நாலைந்து பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். ‘எல்லோருக்கும் பொதுவாக ஒரு டயட் சார்ட் தாருங்கள்; இப்போது வந்திருக்கும் எடைக் குறைப்பு ஊசியைப் பற்றியும் சொல்லுங்கள்’ என்கிறீர்கள்.

டயட் சார்ட் தரப்போவதில்லை. சோம்பல் காரணமல்ல. 32 வயதில் குழந்தைக்குப் பால் கொடுப்பவரும், 64 வயதில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுபவரும் ஒரே பட்டியலைச் சாப்பிட்டால் இருவரில் ஒருவருக்குக் கட்டாயம் கேடு வரும். குழு என்பது ஒரே உணவைச் சாப்பிடுவதற்காகக் கூடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். குழுவால் ஆகிற காரியம் வேறு. வாராவாரம் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், அதே முகங்களின் முன்னால் போய் உட்கார வேண்டும் என்கிற கட்டாயம்தான் அது. அந்த ஒன்றை மட்டும் காப்பாற்றிவிட்டால் மற்றதை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

இது என் கண்டுபிடிப்பல்ல. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி இருந்தார். எடை 214 பவுண்டு, அதாவது 97 கிலோ. நகராட்சி சுகாதாரத் துறை நடத்திய உடல்பருமன் சிகிச்சை மையத்துக்குப் போனார். உணவுத் திட்டம் தந்தார்கள். நல்ல திட்டம்தான், எடையும் குறையத் தொடங்கியது. ஆனால் குளியலறையில் அழுக்குத் துணிக் கூடைக்குள் பிஸ்கட்டை ஒளித்துவைத்து அவர் தின்றுகொண்டிருந்தார். அதை அந்த மையத்தில் சொல்லத் துணிவு வரவில்லை. 1961இல் குண்டான தோழிகள் ஆறு பேரை வீட்டுக்கு அழைத்து, அவர்களிடம் போட்டு உடைத்தார். அவர்களும் ஆளுக்கொரு ஒளிவிடத்தைச் சொன்னார்கள். அடுத்த வாரமும் கூடினார்கள். கூட்டம் பெருகிக்கொண்டே போய், 1963இல் ‘வெயிட் வாட்சர்ஸ்’ என்ற நிறுவனமாகவே ஆகிவிட்டது. உணவுத் திட்டம் அரசு மையம் கொடுத்ததுதான். அவர் கூடுதலாகச் சேர்த்தது வாராந்தரப் பேச்சு ஒன்றே.

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலேயே கணக்கு இருக்கிறது. ‘டி-கிளிப்’ என்ற பெயரில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில், அதிக எடையோடு இருந்த 578 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். மறுபாதிக்கு வாரம் ஒரு வகுப்பு என்று 16 வாரம், பிறகு அதை நிலைநிறுத்துவதற்கான வகுப்புகள். எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்வதும் இலக்கு. தேவைப்பட்டவர்களுக்குச் சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரையும் சேர்த்தார்கள். பெரும்பாலோருக்கு அது தேவைப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது. 2016இல் முடிவு வெளியானது. மூன்று ஆண்டுகளில் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 34.9 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்திருந்தது. வகுப்புக்கு வந்தவர்களில் 25.7 சதவீதம்.

அதற்கும் முன்னால், 2006இல், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையிலிருந்து வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு உங்கள் சிறுதானிய அம்மாவுக்கு ஆறுதல் தரும். 531 பேர் அதில் இருந்தார்கள். உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடையோ சொல்லும்படி இறங்கவே இல்லை! தராசு முள் அசையவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது.

இப்போது தங்க நாணயத்துக்கு வருகிறேன். அதை விட்டுவிடுங்கள். அதிகக் கிலோ குறைப்பவருக்குப் பரிசு என்றால் 98 கிலோ ஆண் எளிதில் ஜெயிப்பார். 66 கிலோ பெண் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தோற்பார். கடைசி வாரத்தில் பட்டினி கிடப்பது, எடை பார்க்கும் நாளில் தண்ணீர் குடிக்காமல் வருவது, பேதி மாத்திரை போடுவது எல்லாம் நடக்கும். மூன்று மாதம் முடிந்த மறுநாள் எல்லோரும் பரோட்டாக் கடையில் இருப்பார்கள். நின்றுபோன நாலைந்து பேர் யார் என்று பாருங்கள். எடை கூடியவர்களாகவோ இறங்காதவர்களாகவோதான் பெரும்பாலும் இருப்பார்கள். குழு அதிகம் தேவைப்படுகிறவர்களைத்தான் போட்டி முதலில் விரட்டுகிறது. ஏற்கெனவே சேர்த்த பணத்தில் ஒரு நல்ல டிஜிட்டல் எடைக் கருவி, ஒரு தையல் டேப், வீட்டுக்கு ஒரு 5 மில்லி கரண்டி வாங்குங்கள். மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்தவருக்குக் கொடுங்கள்.

நின்றவர்களைத் திரும்ப அழைக்கும்போது ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்காதீர்கள். எடை பார்க்க வேண்டாம், சும்மா வந்து உட்காருங்கள் என்று சொல்லுங்கள்.

கூட்டம் எப்படி நடக்க வேண்டும்? முக்கால் மணி நேரம் போதும். எடையை ஒருவர் தனியறையில் பார்த்து அவரவர் நோட்டிலேயே எழுதிக் கொடுக்கட்டும். கூடத்தில் உரக்க வாசிப்பது வேண்டாம். ‘உனக்கு எவ்வளவு?’ என்று கேட்பவரை மெதுவாகத் தட்டிவையுங்கள். மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு. இந்தியர்களுக்கு என்று வகுத்த அளவுகளில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லைக்கோடு. உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. 23ஐத் தாண்டினால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல்பருமன். 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு இது 59 கிலோ, 64 கிலோ என்று வரும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் முகம் வாடுவார்கள். 59க்கு இறங்கினால்தான் பலன் என்று அர்த்தமில்லை. 75 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் நாலைந்து கிலோ குறைத்து, அதைக் கூடாமல் வைத்திருந்தாலே ரத்தச் சர்க்கரையிலும் அழுத்தத்திலும் வித்தியாசம் தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோ என்பது நல்ல வேகம். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டி ஒன்றிரண்டு கிலோ நீர் ஏறி இறங்கும். அந்த வாரக் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எடை பார்த்தபின் ஆளுக்கு இரண்டு நிமிடம். இந்த வாரம் எங்கே சறுக்கியது, அடுத்த வாரம் எதை மாற்றப்போகிறேன் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். உரை, வாட்ஸ்அப்பில் வந்த மருத்துவக் குறிப்பு, யூடியூப் டாக்டர் சொன்னது எதுவும் வேண்டாம். நான் போய்ப் பார்த்த ஒரு பெண்கள் குழுவில் ஒருவர், “மூன்றாவது தோசை வேண்டாம் என்றால் மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்கிறார், சமையல் பிடிக்கவில்லை என்று நினைக்கிறார்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவர், “தட்டில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுங்கள் அக்கா. தட்டு காலியானால்தான் அடுத்த தோசை வரும்” என்றார். எந்த உணவியல் வகுப்பிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. குழுவின் மதிப்பு இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறது.

அடுத்து உணவு. பொதுவான பட்டியல் கிடையாது என்றேன். பொதுவாகக் கணக்குப் பார்க்கக்கூடிய சில இடங்கள் உண்டு. அவற்றில் முதலாவது எண்ணெய். உடம்பை அளப்பதற்கு முன் எண்ணெய் வாங்குவதை அளந்துவிடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் என்று இருக்கிறது. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதத்துக்குச் சுமார் மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் எவ்வளவு ஆகிறது? பெரும்பாலோருக்குத் தெரியாது. தீரத் தீர வாங்குகிறோம். புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன் மேல் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதுங்கள். காலி உறையைத் தூக்கி எறியாமல் மாதக் கடைசிவரை ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். ஐந்து உறை, ஆறு உறை, நல்லெண்ணெய் பாட்டில் தனி, நெய் தனி என்று டப்பா நிறையும்போது யாரும் உபதேசம் செய்யத் தேவையிருக்காது. சமையலறையில் இருக்கும் குழிக்கரண்டியில் எண்ணெயை ஊற்றி அளந்து பாருங்கள். சின்னக் கரண்டியே மூன்று மேசைக்கரண்டி பிடிக்கும். 370 கலோரிக்குக் குறையாது. வாணலியில் நேராகப் பாக்கெட்டைச் சாய்ப்பவர்கள் கணக்கு இன்னும் மோசம். அதற்குத்தான் 5 மில்லி கரண்டி வாங்கச் சொன்னேன். எடை குறைக்க வேண்டியவர் பங்குக்கு நாளொன்றுக்கு நான்கு கரண்டி, அதாவது 20 மில்லி. பொரியலுக்குக் கடுகு தாளிக்க ஒரு கரண்டி போதும், காய் வேக நீரும் மூடியும் போதும்.

எந்த எண்ணெய் நல்லது, செக்கா ரீபைண்டா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடக்கும். கலோரியில் எல்லாம் ஒன்றுதான். நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, மதியச் சோறு. நம் சாப்பாட்டில் சோறு மூன்று முறை வருகிறது: சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு. சோற்றை ஒழிக்கச் சொன்னால் ஒரு வாரம் தாங்குவீர்கள், எட்டாம் நாள் இரட்டிப்பாகச் சாப்பிடுவீர்கள். சோற்றை ஒரே முறை, குழம்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், மோரையும் அப்படியே. யாருக்கும் விருந்து குறைந்ததாகத் தோன்றாது, சோறு மட்டும் பாதியாகிவிடும். தட்டில் பொரியலும் கூட்டும் ஊறுகாய் அளவுக்கு ஓரமாக வைக்கப்படுகிற வழக்கத்தை மாற்ற வேண்டும். அதே வழிகாட்டுதல் நாளைக்குக் காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம் என்கிறது. நால்வருக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல்! சந்தையில் நாம் வாங்கும் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூரம் என்று தெரியும். தக்காளி, வெங்காயம் எல்லாம் இதில் சேரும், உருளைக்கிழங்கைச் சேர்க்காதீர்கள். புடலை, பீர்க்கை, சுரை, பூசணி, கொத்தவரை என்று விலை குறைந்தவையே இந்தக் கணக்குக்குப் பொருத்தமானவை. புரோக்கோலிக்காக யாரும் கடை கடையாக அலைய வேண்டாம்.

மூன்றாவது, புரதம். ‘தினமும் சாம்பார் வைக்கிறோமே’ என்பார்கள். ஒருவர் பங்குக்கு வரும் சாம்பாரில் பருப்பு 15, 20 கிராம் இருக்கும். அதில் புரதம் 4 கிராம். 65 கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 54 கிராம் தேவை. மூன்று வேளையும் மாவுப் பொருளே பிரதானமாக இருப்பதால் வயிறு நிறைந்தும் இரண்டு மணி நேரத்தில் பசி எடுக்கிறது. பசிக்கும்போது கைக்குக் கிடைப்பது மிக்சர். சுண்டல் நமக்குப் புதிதல்ல. நவராத்திரிக்கு ஒன்பது நாள் விதவிதமாகச் செய்கிற வீட்டில் மற்ற நாளில் ஏன் அடுப்பேறுவதில்லை? 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்தால் 10 கிராம் புரதம் கிடைத்துவிடும். காராமணி, மொச்சை, பச்சைப்பயறு எல்லாம் ஏறக்குறைய அதே கணக்கு. முட்டை ஒன்றுக்கு 6 கிராம். மீன், கோழி என்றால் 100 கிராமில் 20 கிராம். மத்தியும் நெத்திலியும் விலை குறைந்தவை, சத்தில் வஞ்சிரத்துக்குச் சளைத்தவையல்ல. குழம்பாக வையுங்கள், வறுக்காதீர்கள். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழியை நம்பிக் கொள்ளு ரசம் வைப்பவர்கள் வைக்கட்டும், நல்ல பயறு அது. கொழுப்பைக் கரைக்கும் தனிச் சக்தி அதற்கு இருப்பதாக நினைத்துக்கொண்டு கூடவே போண்டா சாப்பிட்டால் கொள்ளு என்ன செய்யும்?

சர்க்கரையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாளைக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம், 160 கலோரி. அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாட்டுச் சர்க்கரை, பனங்கருப்பட்டி, தேன் எதுவும் எடைக் கணக்கில் சலுகை தராது.

வீட்டில் சமைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் தட்டில் விட்டது, சட்டியில் ஒட்டியிருக்கும் கடைசிக் கரண்டி உப்புமா, இரவு எல்லோருக்கும் தோசை வார்த்து முடித்தபின் மிச்ச மாவில் நின்றுகொண்டே சாப்பிடும் இரண்டு தோசை. இவை எந்த உணவு நோட்டிலும் ஏறுவதில்லை. ‘நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை, ஆனாலும் எடை ஏறுகிறது’ என்று சொல்லும் பெண்களில் பலர் பொய் சொல்வதில்லை. தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதை மட்டும்தான் அவர்கள் சாப்பாடு என்று எண்ணுகிறார்கள். ஒரு வாரத்துக்கு வாயில் போகிற அனைத்தையும் எழுதச் சொல்லுங்கள். அமெரிக்காவில் சுமார் 1,700 பேரை வைத்து நடந்த, 2008இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் எழுதியவர்கள் எழுதாதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைந்தார்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும், செயலி தேவையில்லை.

உங்கள் குழுவின் மூன்று முகாம்களுக்கு வருவோம்.

பேலியோ அன்பர் ஆறு கிலோ குறைந்தது உண்மை. மாவுச்சத்தை நிறுத்தியதும் உடம்பு சேமித்துவைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைக்கோஜன் கரைகிறது. அது தன் எடையைப் போல மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைத்திருப்பது. முதல் பத்து நாளில் இறங்குவதில் பெரும்பகுதி இந்த நீர்தான். அதன்பின் இறங்குவது கொழுப்பு, ஏனென்றால் அவர் முன்பைவிடக் குறைவாகச் சாப்பிடுகிறார். இதில் மாயம் ஒன்றுமில்லை. பேலியோ குழுக்களில் பிரபலமான 100 பாதாமை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 700 கலோரி. அதை ஒரு வேளை உணவாகச் சாப்பிடும்வரை சரி. மூன்று இட்லியோடு சேர்த்து அதையும் சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும். அவருக்கு அந்த உணவு ஒத்துப்போய், ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் தொடரட்டும். குழுவில் மற்றவர்களை இழுக்காமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. முக்கியமாக, சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் சோற்றை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவருக்கு வேறுவிதமான ஆபத்து: ரத்தத்தில் அமிலம் ஏறி மருத்துவமனையில் சேர வேண்டிவரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோர் பேலியோவின் பக்கத்திலேயே போகக் கூடாது. மருந்து அளவை மாற்றிய பிறகுதான் உணவை மாற்ற வேண்டும், அதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும்.

சிறுதானிய அம்மா ஏன் குறையவில்லை? வரகு, சாமை, தினை, கேழ்வரகு, கம்பு எதுவானாலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 320 முதல் 350 கலோரி. அரிசியும் 350ஐ ஒட்டித்தான். நார்ச்சத்து அதிகம், கேழ்வரகில் கால்சியம் அதிகம், மெதுவாகச் செரிக்கும். எல்லாம் உண்மை. அளவைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் சாமையை வைத்தால் தராசுக்கு வித்தியாசம் தெரியாது. அதிலும் ‘சிறுதானியம்தானே’ என்று ஒரு கரண்டி கூடப் போட்டுக்கொள்கிற வழக்கம் இருக்கிறது. தினை லட்டு, கம்பு முறுக்கு, ராகி பிஸ்கட் எல்லாம் பலகாரக் கணக்கில் எழுத வேண்டியவை. அவரிடம் சோற்றை மாற்றச் சொல்லாதீர்கள். சோற்றின் அளவைக் குறைத்துச் சுண்டலைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பவுடர் பானத்தை விற்பவர் உங்கள் நண்பர் என்பதால் பேசத் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது. காலையில் 350 கலோரி சாப்பிட்டவர் 200 கலோரிப் பானம் குடித்தால் எடை குறையும். அந்த வேலையை இரண்டு அவித்த முட்டையும் ஒரு கொய்யாவும் செய்யும்; முட்டை சாப்பிடாதவருக்குப் பச்சைப்பயறு. இலவசமாக எடை பார்த்துத் தருவதில் தொடங்கி, பிறகு டப்பா வாங்குவது, பிறகு நீங்களும் ஆள் சேர்ப்பது என்று போகிற வியாபாரம் ஒரு நடைக் குழுவுக்குள் புகுந்தால், நட்பாக வந்தவர்கள் வாடிக்கையாளராகிவிடுவார்கள். குழுவுக்குள் எதையும் விற்பதில்லை என்று ஒரு விதியை இந்த வாரமே வையுங்கள். அவரைக் குறிவைத்துச் சொல்லாமல் பொதுவாகச் சொல்லலாம். பனங்கருப்பட்டி விற்பவருக்கும், செக்கு எண்ணெய் விற்பவருக்கும், காப்பீட்டு முகவருக்கும் அதே விதி.

நடை. மதுரையில் காலை ஏழு மணிக்கு நடைப்பயிற்சிக் கூட்டங்கள் எங்கே முடிகின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை. நான்கு கிலோமீட்டர் நடந்தால் 200 கலோரி போல எரியும். டீக்கடையில் இரண்டு உளுந்த வடையும் சர்க்கரை போட்ட டீயும் அதை அங்கேயே திருப்பித் தந்துவிடும், வட்டியும் சேர்த்து. டீக்கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேர் நடக்க வருவதே அந்தப் பேச்சுக்காகத்தான். வடையை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குங்கள். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி வேண்டும். சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது சேதம். மாடிப்படி ஏறும்போதும் தரையிலிருந்து எழும்போதும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது பத்து முறை, சுவரில் கைவைத்துத் தள்ளுவது பத்து முறை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது பத்து முறை. நடை தொடங்குவதற்கு முன் அங்கேயே சேர்ந்து செய்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர் நாற்காலியின் மேல் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளட்டும்.

முகூர்த்த மாதங்களில் எல்லாம் தலைகீழாகும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இலையில் எது வேண்டும் என்று முன்னதாகவே முடிவு செய்துகொண்டு போங்கள். இனிப்பா, வடையா, பாயசமா? எல்லாமும் அல்ல, ஏதாவது இரண்டு மட்டும். மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம், வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும். அந்த வாரமும் கூட்டத்துக்கு வர வேண்டும், எடை கூடியிருந்தாலும்.

எவ்வளவு ஒழுங்காக இருந்தும் எட்டு, பத்து வாரத்தில் அசையாதவர்கள் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது: தைராய்டுக்கு டி.எஸ்.எச்., சர்க்கரைக்கு எச்.பி.ஏ.1சி., இளம்பெண்கள் மாதவிடாய் தவறினால் மகப்பேறு மருத்துவர். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களில் பலர் விழுங்கிய கையோடு காபி குடிக்கிறார்கள்; மருந்து சரியாக உடம்பில் சேராது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சில மனநல மருந்துகளும் ஸ்டீராய்டுகளும் எடையை ஏற்றும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஊசி. செமாகுளுடைடு, டிர்செபடைடு ஆகியவை எடைக் குறைப்புக்கென 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. வேலை செய்கிற மருந்துகள்தான். பசியை அடக்கி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பெரிய ஆய்வு ஒன்றில் செமாகுளுடைடு எடுத்தவர்கள் சராசரியாக 15 சதவீத எடையைக் குறைத்தார்கள். நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணம். பித்தப்பைக் கல், கணையச் சிக்கல் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை தேவை. குடும்பத்தில் தைராய்டின் ஒருவகைப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் பொருந்தாது. விலையும் மாதத்துக்கு ஆயிரக்கணக்கில். 68 கிலோவை 62 ஆக்குவதற்கு இது தேவையில்லை. பி.எம்.ஐ. மிக அதிகமாக இருந்து, சர்க்கரையோ உறக்க மூச்சுத்திணறலோ சேர்ந்திருப்பவர் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். மருந்துக்கடையில் கேட்டோ, நண்பர் மிச்சம் வைத்த ஊசிப் பேனாவை வாங்கியோ போட்டுக்கொள்ளக் கூடாது. அப்படி மருத்துவர் சொல்லிப் போட்டுக்கொள்பவர் உங்கள் குழுவில் இருந்தால் அவரை ஏமாற்றுக்காரர் போலப் பார்க்காதீர்கள். பசியே இல்லாமல் இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார் என்பதால் முட்டையும் சுண்டலும் நாற்காலிப் பயிற்சியும் அவருக்கு மற்றவர்களைவிட அவசியம். அவர் தட்டில் முதலில் சுண்டல் போகட்டும், இட்லி அப்புறம்.